பழைய ஆட்டக்காரர்களின் பெயர்கள் அழிவதற்குள்: கால்பந்து கிளப் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் கிளப்புக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரின் முழுப் பெயர், பிறந்த தேதி, எந்த இடத்தில் ஆடினார், எந்த அணிக்கு எதிராக இறங்கினார் என்ற விவரமெல்லாம் உங்கள் அலுவலகத்தில் எங்கே இருக்கிறது? கேட்டவுடன் எடுத்துத் தர முடியுமானால் இந்த மடல் உங்களுக்குத் தேவையில்லை. பெரும்பாலான கிளப்புகளில் கோப்பை வென்ற அணியின் படம் சுவரில் தொங்கும், ஓரிரு நட்சத்திரங்களுக்குச் சிலை இருக்கும். மற்றவர்கள் எல்லோரும் வயதான ரசிகர்களின் தலைக்குள் மட்டும்தான் வாழ்கிறார்கள். அந்த ரசிகர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறார்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ரசிகர்கள் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொல்வதை இப்போதே பதிவு செய்யுங்கள். ஆனால் பின்னாளில் யாரும் சரிபார்க்கக்கூடிய முறையில் செய்யுங்கள். மேடை போட்டு, பொன்னாடை போர்த்தி, கைதட்டி அனுப்பும் விழாக்களில் நல்ல மனம் இருக்கிறது, பதிவு இல்லை.

நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எக்காலத்துக்கும் சிறந்த ஐந்து ஆட்டக்காரர்கள் யார் என்று பலரிடம் கேட்டுச் செய்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. பெலே, க்ரைஃப், மாரடோனா மூவரும் அதிகம் சொல்லப்பட்டார்கள். அதைவிட முக்கியமான செய்தி வேறு: பதில் சொன்னவர்களுக்கு ஏறக்குறைய 17 வயது இருந்தபோது யார் தம் ஆட்ட வாழ்க்கையின் நடுப்பகுதியில் இருந்தார்களோ, அவர்களைத்தான் மக்கள் அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே "நம் கிளப்பின் எக்காலத்துக்கும் சிறந்த பதினொருவர்" என்று நீங்கள் நடத்தும் வாக்கெடுப்பு, ஆட்டக்காரர்களின் தரத்தைக் காட்டுவதற்கு முன் வாக்களித்தவர்களின் வயதைக் காட்டிவிடும். இணையத்தில் மட்டும் நடத்தினால் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் ஆட்டக்காரர்கள் பட்டியலில் இடம்பெறவே மாட்டார்கள். பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் பிறந்த ஆண்டையும் முதன்முதலில் மைதானத்துக்கு வந்த ஆண்டையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பார்க்காததைப் பார்த்ததாக நம்புவது பொய் சொல்வதாகாது. 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சரக்கு விமானம் குடியிருப்பின் மேல் விழுந்தது. அது மோதும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்களா என்று பின்னர் ஆய்வாளர்கள் கேட்டபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் "பார்த்தோம்" என்றார்கள். அப்படி ஒரு படமே எடுக்கப்படவில்லை. கால்பந்தில் இது இன்னும் எளிதாக நடக்கும். அப்பா சொன்ன கோல், பத்திரிகையில் படித்த கோல், பல வருடம் கழித்துத் திரையில் பார்த்த கோல் எல்லாம் ஒன்றாகி "நான் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்" என்று ஆகிவிடும். அதனால் கோலைப் பற்றி நேராகக் கேட்காதீர்கள். அன்று யாருடன் வந்தார், எந்தப் பக்கம் நின்றார், மழையா வெயிலா, ஆட்டம் முடிந்து எப்படி வீடு போனார் என்று முதலில் கேளுங்கள். நேரில் பார்த்தவருக்கு இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒரு பதில் இருக்கும். இல்லையென்றால் "கேள்விப்பட்டது" என்று குறித்துக்கொண்டு மேலே போகலாம். கேள்விப்பட்டதற்கும் மதிப்பு உண்டு, வேறு நெடுவரிசையில்.

பதிவு செய்யும் முறையில் பலர் தவறுவது முதல் அடியிலேயேதான்: நான்கைந்து நண்பர்களை ஒன்றாக உட்கார வைத்துவிடுகிறார்கள். உரக்கப் பேசுபவரின் நினைவு மற்றவர்களுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடத்தில் நால்வரும் ஒரே கோலை ஒரே மாதிரி விவரிப்பார்கள். அது நான்கு சாட்சியம் ஆகாது. முதலில் ஒவ்வொருவரையும் தனியாகப் பேச வையுங்கள், 60 முதல் 90 நிமிடம் வரை. அதற்கு மேல் போனால் பேசுபவரும் களைப்பார், கேட்பவரும் களைப்பார். தனிப் பதிவுகள் முடிந்த பிறகு குழுவாகச் சந்திக்கட்டும். அப்போது வரும் வாக்குவாதம் அருமையாக இருக்கும், அதையும் பதிவு செய்யுங்கள். வரிசை மட்டும் மாறக் கூடாது.

ஒலிக்குப் பெரிய கருவி வேண்டாம். சட்டையில் குத்தும் மைக் ஒன்றை முகவாய்க்கு ஒரு சாண் கீழே பொருத்துங்கள். கைபேசியில் பதிவதானால் விமானப் பயன்முறையில் வையுங்கள். நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. மின்விசிறி, குளிர்ப்பெட்டி இரண்டின் இரைச்சலும் பின்னால் நீக்க முடியாதபடி குரலோடு கலந்துவிடும், அறையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கோப்பு வேவ் (WAV) வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். எம்பி3 பிரதி கேட்பதற்கு மட்டும் போதும், காப்பதற்கு ஆகாது. தொடங்கும்போது தேதி, இடம், பேசுபவர், கேட்பவர் பெயர்களை வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் இந்தக் குரல் அடையாளம் காட்டும்.

"அந்த கோலை இடது காலால்தானே அடித்தார்?" என்ற கேள்வியால் பயன் இல்லை. "அந்த கோல் எப்படி விழுந்தது?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். புகைப்படங்களைக் கடைசியில் காட்டுங்கள், எத்தனையாவது நிமிடத்தில் எந்தப் படத்தைக் காட்டினீர்கள் என்றும் எழுதுங்கள். படத்துக்கு முன் சொன்னதும் பின் சொன்னதும் வேறு வேறு தரம். ஒப்புதல் படிவம் ஒரு பக்கத்தில் இருந்தால் போதும்: யார் கேட்கலாம், பெயர் வெளியிடலாமா, பின்னால் திரும்பப் பெறும் உரிமை உண்டா. ஒரு பழைய ஆட்டக்காரரின் நோய், கடன், குடும்பச் சிக்கல் பற்றி மூன்றாமவர் சொல்வதை எக்காரணம் கொண்டும் வெளியிடாதீர்கள். அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதைக் கேட்பார்கள்.

இனி சரிபார்ப்பு. எங்களுக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். ஆட்ட விதிகளே ஒரு நாட்காட்டியாகப் பயன்படும். மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 உலகக் கோப்பையில்தான் அறிமுகமாயின. 1965-இல் ஒருவர் "சிவப்பு அட்டை வாங்கினார்" என்றால் அவர் வெளியேற்றப்பட்டிருக்கலாம், அட்டை காட்டியிருக்க முடியாது. சக ஆட்டக்காரர் காலால் திருப்பித் தந்த பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுத்ததற்காக ஃப்ரீ கிக் கொடுத்தார்கள் என்றால் அது 1992-க்குப் பிந்தைய ஆட்டம். இங்கிலாந்து லீகில் மாற்று ஆட்டக்காரர் வந்தது 1965-இல், அதுவும் காயத்துக்கு மட்டும். பின்னர்தான் எக்காரணத்துக்கும் என்று ஆனது. உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரர் 1970 முதல். கறுப்பு ஐங்கோணங்கள் 12, வெள்ளை அறுகோணங்கள் 20 கொண்ட பந்து 1970 உலகக் கோப்பைக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. இந்த விதிகள் ஒவ்வொரு நாட்டு லீகுக்கும் வந்த ஆண்டு மாறும், ஆகவே உங்கள் லீகுக்கு ஒரு தனி அட்டவணை தயாரித்து, பதிவு செய்பவர் கையில் கொடுங்கள். நினைவு விதியோடு மோதினால் அந்தப் பதிவைத் தூக்கி எறியாதீர்கள். பெரும்பாலும் இரண்டு ஆட்டங்கள் ஒன்றாகக் கலந்திருக்கும். பிரித்தெடுத்தால் இரண்டும் கிடைக்கும்.

ஜெர்சி எண்ணை நம்பிப் பெயர் எழுதுவது இன்னொரு குழி. 1933 இங்கிலாந்து எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் எவர்டன் 1 முதல் 11 வரையும் மான்செஸ்டர் சிட்டி 12 முதல் 22 வரையும் அணிந்தன. லீக் ஆட்டங்களில் எண் கட்டாயமானது 1939-இல். அதற்குப் பிறகும் வெகுகாலம் எண் என்பது ஆடும் இடத்துக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல. பருவம் முழுவதும் ஒருவருக்கு ஒரே எண், முதுகில் பெயர் என்ற முறை பிரீமியர் லீகில் 1993-இல்தான் வந்தது. ஆகவே பழைய படத்தில் 7-ஐப் பார்த்தவுடன் ஒரு பெயரை எழுதிவிடக் கூடாது. அணிப் படங்களில் நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டதால் இடம் வலம் மாறியவை ஏராளம். சின்னம் வழக்கமாக இடது மார்பில் இருக்கும். படத்தில் வலது மார்பில் இருந்தாலோ, பின்னாலுள்ள விளம்பரப் பலகையின் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறித் தெரிந்தாலோ, கீழே அச்சான பெயர் வரிசை முழுவதையும் சந்தேகப்படுங்கள்.

ஆட்ட நிகழ்ச்சி நிரலில் உள்ள அணிப் பட்டியல் ஆட்டத்துக்கு முன்பே அச்சானது. அதில் இருப்பவர்கள் ஆடுவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டவர்கள், அவ்வளவே. நடுவரின் அறிக்கை கிடைத்தால் அதுதான் முதல் சான்று. அடுத்து மறுநாள் பத்திரிகைகள் இரண்டு, ஒன்று எதிரணியின் ஊரிலிருந்து. எதிரணி ஊர்ப் பத்திரிகை கோல் அடித்தவர் பெயரைத் தப்பாக எழுதும், ஆனால் தம் ஆட்டக்காரர் தம் வலையிலேயே போட்ட தற்கோலைத் தற்கோல் என்றே எழுதும்; உங்கள் ஊர்ப் பத்திரிகை அதை உங்கள் ஃபார்வர்டு கணக்கில் சேர்த்திருக்கும். அணித் தேர்வுக்கான சோதனை ஆட்டத்துக்கு வந்தவர்களைப் புனைபெயரில் ஆட வைத்ததும் உண்டு. சகோதரர்கள் ஒரே முதலெழுத்தோடு ஆடியதும் உண்டு.

கோல் கணக்கில் எவ்வளவு பெரிய கிளப்பும் சிக்கிக்கொள்ளும். சாண்டோஸ் அணிக்காகப் பெலே அடித்த கோல்கள் 643 என்று பல காலம் சொல்லப்பட்டது. 2020 டிசம்பரில் மெஸ்ஸி பார்சிலோனாவுக்காக அந்த எண்ணைக் கடந்தபோது, நட்பு ஆட்டங்களில் அடித்த 448-ஐயும் சேர்த்து 1,091 என்று சாண்டோஸ் அறிவித்தது. எல்லா அணிகளுக்கும் சேர்த்து 1,363 ஆட்டங்களில் 1,279 என்பது கின்னஸ் கணக்கு. செக் ஆட்டக்காரர் யோசெஃப் பிட்சனுக்கு 805 என்பது நெடுநாள் புழக்கத்தில் இருந்த எண். செக் கால்பந்துச் சங்கம் 2021-இல் 821 என்றது. அந்தக் காலத்து நட்பு ஆட்டங்கள் பலவற்றில் ஐரோப்பாவின் வலுவான அணிகளே எதிரில் நின்றன, ஆகவே அவற்றை வீசி எறிவது அநியாயம். லீக் கோல்களோடு கூட்டிச் சொல்வதும் குழப்பம். லீக், கோப்பை, பன்னாட்டுப் போட்டி, நட்பு ஆட்டம் என்று தனித்தனி நெடுவரிசை வையுங்கள். மொத்தத்தை யார் வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளட்டும். தொடக்கத்தில் இறங்கியவர், மாற்றாக இறங்கியவர், பெஞ்சில் இருந்து இறங்காதவர் மூவரையும் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சான்று எது என்ற குறிப்பு கட்டாயம்.

முதல் ஆட்டத்தின் தேதி வரிசையில் எல்லோருக்கும் ஒரு வரிசை எண் கொடுப்பது நல்ல பழக்கம். 2019 நவம்பரில் இங்கிலாந்து அணி தன் 1,000-ஆவது ஆட்டத்தை ஆடியபோது ஆட்டக்காரர்களின் ஜெர்சியில் அவரவர் வரிசை எண் இருந்தது. ஆனால் அவசரப்பட்டு எண்ணைச் சட்டகத்தில் பொறித்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே நாளில் பலர் அறிமுகமாகும்போது எது முன், எது பின் என்ற விதியை முதலில் எழுதி வெளியிடுங்கள். வரைவுப் பட்டியலை ஒரு முழுப் பருவம் பொதுவில் வைத்துத் திருத்தம் கேளுங்கள். பின்னால் ஒரு விட்டுப்போன பெயர் கிடைத்தால் அவருக்குப் பிறகு வந்த அத்தனை பேரின் எண்ணும் நகர்ந்துவிடும்.

பெண்கள் அணியை இதே பட்டியல் முறையில் சேர்க்க வேண்டும், பின்னிணைப்பாக அல்ல. 1920 டிசம்பர் 26 அன்று குடிசன் பார்க்கில் டிக் கெர் லேடீஸ் அணியின் ஆட்டத்துக்குச் சுமார் 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது, அது அரை நூற்றாண்டு நீடித்தது. அந்தக் காலத்துப் பெண் ஆட்டக்காரர்களின் கணக்கு கிளப் கோப்புகளில் இல்லாமல் குடும்ப ஆல்பங்களில் இருப்பதற்குக் காரணம் அதுதான். தேட வேண்டிய இடமும் அந்த ஆல்பங்கள்தான்.

டிஜிட்டலில் பதிந்த ஒலியும் எழுத்தும் இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கும். ஃபிலிமும் டேப்பும் காத்திருக்காது. அசிட்டேட் ஃபிலிம் சுருளைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. வெளிவரும் அமிலமே சிதைவை மேலும் விரைவாக்கும், பக்கத்துச் சுருளுக்கும் தொற்றும். உடனே தனியே எடுத்துக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, முதலில் நகலெடுக்க வேண்டியது என்று குறியுங்கள். நீலத்திலிருந்து பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறும் அமிலச் சோதனைப் பட்டைகள் கிடைக்கின்றன, பெட்டிக்கு ஒன்று போட்டால் எந்தச் சுருள் முதலில் என்று தெரிந்துவிடும். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய 35 மி.மீ. ஃபிலிம் நைட்ரேட்டாக இருக்கலாம், அது தீப்பிடிக்கும் பொருள். திரையிட்டுப் பார்க்க முயல வேண்டாம், ஆவணக் காப்பகத்தைக் கூப்பிடுங்கள்.

வீடியோ கேசட்டில் பூஞ்சை தெரிந்தால் எந்தக் கருவியிலும் போடாதீர்கள், அந்தக் கருவியில் அடுத்துப் போடும் எல்லா டேப்பும் கெடும். விஎச்எஸ் கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாழ்ப்பாளை உடைத்துவிட்டுப் போடுங்கள், தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. ஓடும்போது கிறீச்சிட்டு, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பழுப்புப் பிசுக்கு ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். 1970, 80-களின் சில டேப்புகளில் பிணைப்புப் பசை ஈரம் உறிஞ்சி இப்படி ஆகும். ஆய்வகத்தில் கட்டுப்பாடான சூட்டில் பல மணி நேரம் வைத்து மீட்பார்கள், வீட்டு அடுப்பில் செய்தால் டேப் போய்விடும்.

டிஜிட்டல் மூலப் பிரதியைச் சுருக்காமல் 10 பிட்டில் வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 100 ஜிகாபைட் ஆகும். இழப்பில்லாத எஃப்எஃப்வி1 முறையில் அது பாதி அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கும். பால் (PAL) தொலைக்காட்சி முறை டேப்பில் நொடிக்கு 50 பாதிப் படங்கள் இருக்கும். நகலெடுப்பவர் அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கழித்து 25 ஆக்கிக் கொடுத்தால் ஓடும் கால்களின் அசைவில் பாதி என்றென்றைக்கும் போய்விடும். ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிடுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு கட்டடத்தில். கேசட் உங்கள் அலமாரியில் இருப்பதால் ஒளிபரப்பு உரிமை உங்களுடையது ஆகிவிடாது, வெளியிடுமுன் ஒளிபரப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஜெர்சிகளைத் துவைக்காதீர்கள். மடிப்புகளில் அமிலமில்லாத காகிதம் வைத்துப் படுக்கையாக வையுங்கள். சூட்டில் ஒட்டிய எண்கள் ஒன்றோடொன்று பட்டால் ஒட்டிக்கொள்ளும், இடையில் காகிதம் அவசியம். புகைப்படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் மட்டும் எழுதுங்கள். பிவிசி உறை வேண்டாம்.

கடைசியாக, உயிரோடு இருப்பவர்கள். 2019-இல் வெளிவந்த கிளாஸ்கோ ஆய்வு 7,676 முன்னாள் ஸ்காட்லாந்து தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டது. மூளை நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு அவர்களுக்கு ஏறத்தாழ மூன்றரை மடங்கு. பின்தொடர்ந்த 2021 பகுப்பாய்வில் டிஃபெண்டர்களுக்கு இந்நோய்கள் ஏறக்குறைய ஐந்து மடங்கு, கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்களை ஒட்டிய அளவு. வெஸ்ட் ப்ராம்விச் ஆல்பியனின் ஜெஃப் ஆஸ்ல் 2002-இல் 59 வயதில் இறந்தார். விசாரணை அதிகாரி அதைத் தொழில்சார் நோய் என்று பதிந்தார். தோல் பந்தும் காய்ந்த நிலையில் இன்றைய பந்தின் எடைதான், 410 முதல் 450 கிராம். ஈரத்தில் தண்ணீர் குடித்துக் கனத்தது. உங்கள் பழைய சென்டர் ஹாஃப்கள் (நடுவில் நின்று தடுத்தவர்கள்) பயிற்சியில் எவ்வளவு தலையால் முட்டினார்கள் என்பது மருத்துவர்களுக்கும் பயன்படும் தகவல், பேட்டியில் அதையும் கேளுங்கள்.

ஸ்காட்லாந்தில் அல்சைமர் அமைப்பும் கால்பந்து அருங்காட்சியகமும் சேர்ந்து, மறதி நோய் உள்ளவர்களைப் பழைய ஆட்டப் படங்களோடு பேச வைக்கும் சந்திப்புகளை நடத்திவருகின்றன. எந்தக் கிளப்பும் இதைச் செய்யலாம். ஆறு முதல் எட்டுப் பேர், ஒரு மணி நேரம், அமைதியான அறை, மைதானத்தின் ஆரவாரம் கேட்காத நாள். படத்தைக் கையில் கொடுத்து "இவர் யார், ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்பதுதான் இங்கே செய்யும் பெரிய தவறு. அது தேர்வு வைப்பது. பதில் வராதபோது அவர் வாயை மூடிக்கொள்வார். "பந்தை எப்படி வைத்திருக்கிறார் பாருங்கள்" என்று நீங்களே தொடங்குங்கள். கயிறு கட்டிய தோல் பந்து, தைல வாசனை, பழைய பூட்ஸ் எல்லாம் படத்தைவிட நன்றாகப் பேச வைக்கும். சொல்வது தவறாக இருந்தாலும் திருத்தாதீர்கள். இந்தச் சந்திப்பில் வருவதை வரலாற்றுச் சான்றாக எடுக்காதீர்கள், இங்கே நோக்கம் வேறு.

நினைவு கூரும் சடங்குக்கு அதிகம் செலவு வேண்டாம். ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ கிளப்பின் சான் மாமெஸ் மைதானத்துக்கு முதன்முறை வரும் அணியின் கேப்டன், அக்கிளப்பின் பழைய ஆட்டக்காரர் பிச்சிச்சியின் மார்பளவுச் சிலைக்குப் பூங்கொத்து வைக்கிறார். 1949 மே 4-இல் இத்தாலியின் டொரினோ அணி வந்த விமானம் சூப்பெர்கா குன்றில் மோதி இறந்த 31 பேரின் பெயர்களை, ஆண்டுதோறும் அதே நாளில் டொரினோ கேப்டன் அங்கே போய் உரக்க வாசிக்கிறார். ஒரு தாளும் ஒரு குரலும் போதும். ஆனால் அந்தத் தாளில் பெயர்கள் சரியாக இருக்க வேண்டும்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மூன்று முடிவுகள் எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். ஃபிலிமும் டேப்பும் எந்த அறையில், யார் பொறுப்பில் இருக்கின்றன என்று பட்டியலிட ஒருவரை நியமியுங்கள். எண்பது வயதைத் தாண்டிய ஆட்டக்காரர்களையும் ரசிகர்களையும் முதலில் பதிவு செய்யுங்கள், அவர்களுக்குள்ளும் கோப்பை வெல்லாத வருடங்களில் ஆடியவர்களை முன்னால் வையுங்கள், ஏனென்றால் வென்றவர்களை ஏற்கெனவே பலர் பதிந்திருக்கிறார்கள். உங்களிடம் உள்ள ஆட்டக்காரர் பட்டியலை, எவ்வளவு குறையோடு இருந்தாலும், அப்படியே வெளியிடுங்கள். வெற்றிடங்களை நிரப்பும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு திருத்தத்தையும் சான்றோடு அனுப்புவோம்.

இப்படிக்கு,
பழைய ஆட்டக்காரர்களை மறக்காத ரசிகர்கள்